இளைக்கச் சொல்வது யாரை?

ஒரு கடைக்காரர் தன் கடை பீரோவை விற்று, அந்தப் பணத்தை அன்றைய வியாபார வரவில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இன்னிக்கு சேல்ஸ் எகிறிடுச்சு!' என்று சந்தோஷம் வேறு. பி.காம். முதல் வருஷத்தில் நான் இப்படி எழுதியிருந்தால், வாத்தியார் நோட்டைத் தூக்கி எறிந்திருப்பார்.

ஆனால், உலக நாடுகள் எல்லாம் இப்படித்தான் கணக்கு எழுதுகின்றன. காட்டை வெட்டி விற்றால் ஜி.டி.பி. ஏறும். காடு போன கணக்கு அதில் வராது. டிராஃபிக்கில் நின்று பெட்ரோலை எரித்தாலும் ஏறும். வீட்டில் அம்மா சமைத்தால் ஏறாது. அமெரிக்காவுக்கு தேசிய வருமானக் கணக்கைப் போட்டுக்கொடுத்த சைமன் குஸ்நெட்ஸே, இதை வைத்து மக்களின் நலத்தை அளக்க முடியாது என்று 1934-லேயே எச்சரித்துவிட்டார். யார் கேட்டார்கள்?

ஜேசன் ஹிக்கல் 2020-ல் எழுதிய 'லெஸ் இஸ் மோர்' புத்தகம் இங்கேதான் பிடி போடுகிறது. வருஷத்துக்கு 3 சதவிகித வளர்ச்சி என்றால் கேட்க அடக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால், சுமார் 23 வருஷத்தில் பொருளாதாரம் இரண்டு மடங்கு. இன்னொரு 23 வருஷத்தில் நாலு மடங்கு. பூமி என்னவோ அதே சைஸ்தான்! அதனால் பணக்கார நாடுகள் இளைக்கட்டும் என்கிறார். சீக்கிரம் ரிப்பேராகிற மாதிரி பொருள் செய்யாதே, விளம்பரத்தைக் குறை, சாப்பாட்டை வீணாக்காதே, வேலை நேரத்தைக் குறை... இதற்குப் பெயர் 'டீக்ரோத்'.

ஏழை நாடுகளை அவர் இளைக்கச் சொல்லவில்லை. நியாயம்தான். ஒரு அமெரிக்கரின் கணக்கில் வருஷத்துக்குச் சுமார் 14 டன் கார்பன் டை ஆக்ஸைடு. நம் கணக்கில் தலைக்குச் சுமார் 2 டன்.

அப்புறம் எங்கே இடிக்கிறது?

2020 மார்ச். கொரோனாவால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் துணிக்கடைகளை மூடினார்கள். சில வாரங்களுக்குள் வங்கதேசத்தில் 300 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்கள் ரத்தாயின அல்லது நிறுத்தி வைக்கப்பட்டன. தைத்து முடித்த சரக்குக்கே பணம் தர மறுத்த கம்பெனிகள் உண்டு. சம்பள பாக்கி கேட்டு, ஊரடங்கையும் மீறித் தெருவுக்கு வந்தார்கள் டாக்கா தையல் தொழிலாளர்கள்.

'அது விபத்து சார். நாங்க சொல்றது திட்டம் போட்டு இளைக்கிறது' என்பார்கள் ஹிக்கல் கட்சிக்காரர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய், நியாயமான கூலி கொடு என்றும் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால், எது முதலில், எது அப்புறம்? கடனைத் தள்ளுபடி செய்ய அரசாங்கங்கள் கையெழுத்துப் போடவேண்டும். சட்டை வாங்குவதைக் குறைக்க யாரும் எதிலும் கையெழுத்துப் போடவேண்டியதில்லை. எது முதலில் நடக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

கல்யாணத்தில் முதல் பந்திக்காரர்கள் 'போதும்' என்று எழுந்திருப்பது நல்ல விஷயம். ஆனால், பரிமாறியவரின் கூலியை எண்ணிக் கொடுத்துவிட்டு எழுந்திருக்கட்டும்.

அவர் இன்னும் சாப்பிடவே இல்லை!