இரண்டு பாட்டிகள்

மாங்காடு காமாட்சி அம்மன் கோயில் வாசலில் ஒரு கிழவி பூ விற்றுக்கொண்டிருந்தாள். காரிலிருந்து இறங்கிப் பூ வாங்கிய அம்மாளுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். "ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை, மனசுதான் காரணம்னு டாக்டர் சொல்றார்" என்று உடன் வந்தவளிடம் அலுத்துக்கொண்டாள். பூக்காரி சிரித்தாள்: "எனக்குந்தாம்மா தூக்கமில்லே. வயசாச்சில்ல!"

ஒருத்திக்கு நோய்; மற்றவளுக்கு வெறும் வயசு!

நம் கதைகளிலும் இந்தப் பாகுபாடு உண்டு. ஜெயகாந்தனின் 'யுகசந்தி'யில் கௌரிப் பாட்டிக்கு மனம் இருக்கிறது; விதவைப் பேத்தியின் மறுமணத்தை எண்ணி அது தவிக்கிறது, தெளிகிறது. சம்பாதிக்கும் பேத்தியோடு கிளம்பிவிட அவளுக்கு வழியும் இருக்கிறது. வண்ணநிலவனின் 'எஸ்தர்' கதைப் பாட்டியோ, பஞ்சத்தில் ஊரைவிட்டுப் போகும் குடும்பத்துக்குச் சுமை. அவளை என்ன செய்வது என்பதே அங்கே கவலை. அவள் என்ன நினைத்தாள் என்பதல்ல. இரண்டுமே உயர்ந்த கதைகள். குறை நம்முடைய பழக்கத்தில் இருக்கிறது.

2017-18இல் இந்திய முதியோரிடையே நடந்த பேராய்வு, மனச்சோர்வு ஆண்களைவிடப் பெண்களிடமே அதிகம் என்றது. இங்கே 1962இல் தொடங்கிய முதியோர் உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாயாயிற்று. அது அரிசிக்காகும், தூக்கத்தைப் பற்றி யார் கேட்பது?

எழுத்தாளனாவது கேட்கலாம். என் நாவல்களிலும் ஏழைக் கிழவிகளுக்குப் பசி கொடுத்தேன். ஒரு கனவுகூடக் கொடுத்ததில்லை.

அன்றும் இரண்டு முழம் பூ வாங்கிக்கொண்டு, ஒன்றும் கேட்காமலே வந்துவிட்டேன்.