அரபு எழுதுநெறியும் தாய்மொழியும்

அரபு பயிலும் தமிழ் மாணாக்கர் கருத்தை முதற்கண் தாய்மொழியில் அமைத்துப் பின் பெயர்த்தெழுதுதல் பெருவழக்கு. இதனை முற்றும் விலக்கத்தக்க குறையென ஆசிரியர் சிலர் கொள்வர். அக்கொள்கை எமக்கு உடன்பாடன்று.

'லீ அகுன்' என்னும் அரபுத் தொடர், 'எனக்கு உடன்பிறந்தான் உளன்' என்பதனோடு அமைப்பில் ஒக்கும். உடைமைப்பொருள் தரும் வினையைத் தேடி இடர்ப்படும் ஆங்கில மாணாக்கனுக்கு இவ்வாய்ப்பு இல்லை. 'கதபல் வலது' என வினை முன்வருதலும், 'எழுதினான் சிறுவன்' எனச் செய்யுள் வழக்கறிந்தார்க்குப் புதிதன்று.

ஆயின், 'வலதானி' எனச் சிறுவர் இருவரைச் சுட்டும் இருமைக்குத் தமிழில் தனி ஈறு இல்லை. அஃறிணைப் பெயர்க்கும் ஆண்பால் பெண்பால் வகுத்தலும் தமிழ்நெறியன்று. இவ்விடங்களில் பெயர்ப்புநெறி மாணாக்கனைக் கைவிடும். பிழைதொறும் செங்கோடிடுதலால் மட்டும் அவன் தெளிவு பெறான்.

ஆகவே, பெயர்த்தெழுதுதலைத் தடுத்தலன்று, அஃது யாண்டுத் துணைசெய்யும், யாண்டு இடறும் என உணர்த்துதலே ஆசிரியர் கடன் என்பது எம் துணிபு.