பாசிட்டிவ் என்றால் எத்தனை பாசிட்டிவ்?

கெர்ட் கிகரென்ஸர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 2002-ல் எழுதிய 'ரெக்கனிங் வித் ரிஸ்க்' புத்தகத்தை டாக்டர்கள் படிக்கிறார்களோ இல்லையோ, லேப் ரிப்போர்ட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் புரளும் நீங்கள் படிக்கலாம். கணக்கு பயம் வேண்டாம். கூட்டல், கழித்தல் போதும்.

அவர் டாக்டர்களிடம் கேட்ட கேள்வி இது. அறிகுறி எதுவும் இல்லாத, நாற்பது வயது தாண்டிய பெண்களில் 0.8 சதவீதம் பேருக்கு மார்பகப் புற்றுநோய் இருக்கிறது. நோய் இருந்தால் மாமோகிராம் 90 சதவீதம் பிடித்துவிடும். இல்லாதவர்களிலும் 7 சதவீதம் பேருக்குத் தப்பாக பாசிட்டிவ் காட்டும். ஒரு பெண்ணுக்கு பாசிட்டிவ் வந்திருக்கிறது. நிஜமாகவே நோய் இருக்க என்ன சான்ஸ்?

தொண்ணூறு என்கிறீர்களா? கவலைப்படாதீர்கள், மூன்றில் ஒரு டாக்டர் அதையேதான் சொன்னார். ஒரு சதவீதம் என்றவர்களும் உண்டு.

கிகரென்ஸரின் வைத்தியம் எளிமையானது. சதவீதத்தைக் கடாசிவிட்டு ஆயிரம் பெண்களை வரிசையில் நிறுத்துங்கள். எட்டுப் பேருக்கு நோய். அதில் ஏழு பேருக்கு பாசிட்டிவ். மிச்சம் 992 பேரில் சுமார் 70 பேருக்குச் சும்மாவே பாசிட்டிவ். ஆக 77-ல் 7. ஒன்பது சதவீதம்தான்!

இதே வித்தையை எய்ட்ஸ் பரிசோதனை, டி.என்.ஏ. சாட்சியம், ஓ.ஜே.சிம்ப்ஸன் வழக்கு என்று அத்தியாயத்துக்கு அத்தியாயம் காட்டுவதில் நடுவே கொஞ்சம் அலுக்கிறது. அதை மன்னித்துவிடலாம்.

என் பெரிய குறை வேறு. அந்த ஒன்பது, அறிகுறி இல்லாதவர்களுக்கு மட்டும்தான். இதை அவர் கொட்டை எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். கையில் கட்டி தட்டுப்பட்டு ஓடிவரும் பெண்கள் வேறு வரிசை. ஒரு பேச்சுக்கு, அந்த ஆயிரத்தில் 200 பேருக்கு நோய் என்று வையுங்கள். பாசிட்டிவ் வருபவர்கள் 180-ம் 56-ம், மொத்தம் 236. அதில் 180 நிஜம். முக்கால் பங்கு! அதே மெஷின், அதே பாசிட்டிவ். புத்தகத்தை அரைகுறையாகப் படித்த ஒருத்தி, 'ஒன்பதுதானே' என்று பயாப்ஸியைத் தள்ளிப்போட்டால்?

'நார்மல்' என்று வந்தாலும் நிம்மதி இல்லை. அந்த 200-ல் 20 பேரை மெஷின் கோட்டைவிட்டிருக்கும். கட்டி கைக்குத் தட்டுப்படும்போது, மாமோகிராமை மட்டும் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, போயிட்டு வாங்க" என்று டாக்டர் சொன்னால் உடனே எழுந்திருக்காதீர்கள். "அப்ப இந்தக் கட்டி என்ன டாக்டர்?" என்று கேளுங்கள்.