வலைப்பூவும் புத்தொழிலும்

புதிதாகத் தொழில் தொடங்குவோர் அத்தொழிலைப் பற்றித் தாமே எழுதும் வழக்கமொன்று கடந்த 25 ஆண்டுகளுக்குள் உலகெங்கும் பரவியிருக்கிறது. கணினித் துறையில் இறங்கும் இளைஞர் பலர், சரக்கு உருவாகு முன்னரே அதைப் பற்றிய வலைப்பூவைத் திறந்து விடுகின்றனர். இவ்வெழுத்தை வெறும் விளம்பரமென்று தள்ளுவோரும் உளர். இலக்கியத்தின் புதுக்கிளை என்று கொண்டாடுவோரும் உளர். இரு சாராரும் அவசரப்படுகின்றனர் என்பதே நமது கருத்து. ஓர் எழுத்து எப்பொருளைப் பற்றியதாயினும் சரி, அதன் உண்மை எவ்வளவு, நடை எத்தகையது, யாருக்குப் பயன்படுவது என்று சோதித்த பின்னரே அதற்கு விலை கூற வேண்டும்.

புத்தொழில் என்பது பினாங்கு மக்களுக்குப் புதுமையன்று. காவுதடியின் இரு முனைகளிலும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுக் கொண்டு துறைமுகத் தொழிலாளரிடம் விற்றுத் திரிந்த தமிழ் முஸ்லிம்களுக்கு முதலீடு ஒரு தடியும் இரு கூடைகளுமே. 'நாசி கண்டார்' என்ற பெயரிலுள்ள 'கண்டார்' அத்தடியைத்தான் குறிக்கிறது. கேம்பல் வீதியிலுள்ள ஹமீதியா உணவகம் 1907ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகச் சொல்கிறது. பினாங்கு வீதியில் கிட்டங்கி வைத்து வட்டித்தொழில் நடத்திய நகரத்தாரோ, ஐந்தொகை போடுவதில் நிகரற்றவர்கள். பெட்டியடிப் பையனாக வந்தவன் அடுத்தாளாகி, மேலாளாகி, கடைசியில் தானே கடை வைக்கும் ஏற்பாடு அவர்களிடம் ஒழுங்காக நடந்து வந்தது. ஆனால் அவர்கள் எழுதியது கணக்கே. அந்தக் கடைகளின் உட்புறத்தை, அங்கிருந்த மனிதரின் ஆசையையும் அச்சத்தையும் தமிழ் வாசகருக்குக் காட்டியவர் ப. சிங்காரம். 1959இல் வெளிவந்த அவரது 'கடலுக்கு அப்பால்' நாவலில் பினாங்கின் வட்டிக்கடை உயிரோடு இருக்கிறது. சிங்காரம் முதலாளியல்லர், மேடானில் கடையொன்றில் வேலை பார்த்தவர். நேயர்கள் இதனை நினைவில் வைத்துக் கொள்வார்களாக. பின்னர் இது நமக்குத் தேவைப்படும்.

முதலாளியே எழுதிய எழுத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்காவில் கிடைக்கிறது. 1999இல் இவான் வில்லியம்ஸ், மெக் ஹூரிஹான் ஆகியோர் 'பைரா லேப்ஸ்' என்னும் சிறு நிறுவனத்தைத் தொடங்கினர். அலுவலக வேலைகளைத் திட்டமிட உதவும் கருவியொன்றைச் செய்வதே அவர்கள் நோக்கம். அதற்கிடையே பக்கவேலையாகச் செய்த 'பிளாகர்' என்ற கருவிதான் நிலைத்தது. யார் வேண்டுமாயினும் அச்சகமின்றி, கணினிக் கல்வியின்றி, செலவின்றித் தம் எழுத்தை உலகுக்கு வைக்கலாமென்ற நிலை அதனால் உண்டாயிற்று. பயன்படுத்துவோர் பெருகினர், பணம் பெருகவில்லை. 2001ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கையிருப்பு வற்றி, உடனிருந்தோர் நீங்கினர். வில்லியம்ஸ் தனி ஆளாக நின்றார். இச்செய்தியை அவர் மறைக்கவில்லை; தம் வலைப்பூவில் அந்நாளிலேயே எழுதினார். 2003இல் கூகிள் நிறுவனம் அத்தொழிலை விலைக்கு வாங்கியது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது, அவர் வென்றதை அன்று, எழுதிய நாளையே. 2003க்குப் பின் எழுதியிருப்பாராயின் அது வீரக் கதையாய் முடிந்திருக்கும். துன்பமெல்லாம் வெற்றிக்கு ஏறிய படிகளாகத் தோன்றியிருக்கும். முடிவு தெரியாத நாளில் எழுதியதனால் அவ்வெழுத்துக்கு மெய்ம்மை வந்தது. நாட்குறிப்புக்கும் சுயசரிதைக்கும் உள்ள வேற்றுமை இதுதான். வலைப்பூவுக்குத் தேதி உண்டு. எழுதியவன் நாளை என்ன ஆவான் என்பது அத்தேதிக்குத் தெரியாது. பிற்காலத்தில் புத்தகமாக வரும் 'நான் உயர்ந்த கதை'களில் இக்குணத்தை எதிர்பார்க்க முடியாது. தோற்றவர்கள் பெரும்பாலும் புத்தகம் எழுதுவதில்லை. பத்துப் பேர் கடை திறந்து ஒன்பது பேர் மூடிய தெருவில், எஞ்சிய ஒருவரிடம் மட்டும் வழி கேட்டுக் கொண்டு பதினோராவது கடையைத் திறப்பது அறிவுடைமை ஆகுமா? தமிழில் இத்தகைய வெற்றிக் கதைகள் மலிந்து கிடப்பதைப் புத்தகக் கடையில் ஒரு முறை கண்ணோட்டினாலே காணலாம்.

தமிழிலேயே தொழிலும் வலைப்பூவும் ஒரு கையில் சேர்ந்த நிகழ்ச்சியும் இல்லாமற் போகவில்லை. திரு. பத்ரி சேஷாத்ரி பொறியியல் கற்றவர். கிரிக்கெட் ஆட்ட விவரங்களை இணையத்தில் தந்து உலகப் புகழ் பெற்ற 'கிரிக்இன்ஃபோ'வை வளர்த்தவர்களுள் ஒருவர். 1993இல் பிறந்த அந்நிறுவனம் 2003இல் விஸ்டன் கைக்கும், 2007இல் ஈ.எஸ்.பி.என். கைக்கும் மாறியது. அவரோ 2004இல் சென்னையில் 'கிழக்கு பதிப்பகம்' தொடங்கினார். தமிழில் வலைப்பூ எழுதத் தொடங்கிய முதல் அணியினரில் அவரும் ஒருவர். அவரது நடையில் அலங்காரம் இல்லை. உவமை தேடி அலைவதில்லை. பொருளாதாரம், சட்டம், அறிவியல், பதிப்புத் தொழில் முதலிய, ஆங்கிலத்துக்கே உரியவை என்று நம்மவர் ஒதுக்கி வைத்த பொருள்களை அவர் சாதாரணத் தமிழில் விளக்கிச் சென்றார். அழகு குறைவு என்று சிலர் சொல்லலாம். தமிழ் உரைநடைக்கு அழகு ஊட்டியவர்கள் நிறைய உண்டு. வரவுசெலவைத் தெளிவாகச் சொன்னவர்கள் சிலரே. ஆகவே இவ்வெழுத்தை நாம் உயர்வாகவே மதிக்கிறோம். ஒரு பத்தி படித்ததும் ஒரு செய்தி தெரிந்தது என்ற நிறைவு வாசகனுக்கு உண்டாகிறது.

நமது நாட்டுக்கு வருவோம். 1984ஆம் ஆண்டின் அச்சுக்கூட வெளியீட்டுச் சட்டப்படி, இங்கே பருவ இதழொன்றை அச்சிட அனுமதி வேண்டும். இணையத்துக்கு அந்த அனுமதி வேண்டியதில்லை. 1999இல் 'மலேசியாகினி' தோன்றியதும், 2007இல் அச்சில் தொடங்கிய 'வல்லினம்' 2009இல் இணைய இதழாக மாறியதும் இந்தப் பின்னணியில் வைத்துக் காண வேண்டியவை. வலைப்பூவின் வலிமையைப் பினாங்கு நேரிலேயே கண்டது. கணினித் துறை ஆலோசகரும் 'ஸ்கிரீன்ஷாட்ஸ்' என்னும் வலைப்பூவின் ஆசிரியருமான திரு. ஜெப் ஊய், 2008 மார்ச்சுத் தேர்தலில் ஜெலுத்தோங் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். அதே தேர்தலில் பெட்டாலிங் ஜெயா உத்தாராவில் வென்ற திரு. டோனி புவா, கணினி நிறுவனமொன்றை நடத்தி, அதனை விட்டு அரசியலுக்கு வந்தவர். அவரும் வலைப்பூ எழுதியவரே. இவர்கள் எழுதியது ஆங்கிலத்தில். தோட்டத்தில் தமிழ்ப் பள்ளியோடு படிப்பை நிறுத்திய ஒருவருக்கு இந்த விவாதத்தில் இடம் இருந்ததா என்று கேட்டால், விடை மகிழ்ச்சி தருவதாயில்லை.

கருவி இல்லையென்று இனிச் சொல்வதற்கில்லை. கணினியில் தமிழ் எழுதும் வழியைச் செய்து கொடுத்தவர்களுள் முன்னணியில் நிற்பவர் மலேசியரான திரு. முத்து நெடுமாறன். 1985இல் அவர் 'முரசு' மென்பொருளைத் தொடங்கினார்; 2005இல் 'செல்லினம்' கைப்பேசிக்கு வந்தது; 2012இல் 'செல்லியல்' செய்தித்தளம் பிறந்தது. இதுவும் புத்தொழிலே. இவ்வளவு சிறிய சந்தையை நம்பி எழுத்துருச் செய்வது இலாபக் கணக்குப் பார்ப்பவன் தொடும் வேலையன்று. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய 'தமிழ்மணம்' திரட்டி, பல ஊர்களில் சிதறிக் கிடந்த வலைப்பூக்களை ஒரே வாயிலில் காட்டியது. ஈழத்தவரும் மலேசியரும் தமிழ்நாட்டவரும் ஒருவரையொருவர் நாள்தோறும் படித்த காலம் அது.

பின்னர் முகநூல் வந்தது, காணொளி வந்தது. எழுதியோரில் பெரும்பாலார் அங்கே குடிபெயர்ந்தனர். கூட்டம் இருக்கும் இடத்தில் கடை வைப்பது வியாபாரிக்கு இயல்பு. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் பிறர் மனையில் தென்னை நடுவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். யாஹூவின் 'ஜியோசிட்டீஸ்' 2009இல் மூடப்பட்டது. 'யாஹூ குழுமங்கள்' 2020இல் மூடப்பட்டன. 'மரத்தடி', 'ராயர் காப்பி கிளப்' என்ற பெயர்களில் தமிழர் கூடி எழுதிய இடங்கள் அக்குழுமங்களிலேதான் இருந்தன. மகுதூம் சாயபு 1887 முதல் 1890 வரை சிங்கப்பூரில் நடத்திய 'சிங்கை நேசன்' வாரப் பத்திரிகையை, அங்குள்ள தேசிய நூலகத்தின் உதவியால் நாம் இன்றும் வீட்டிலிருந்தே படிக்கலாம். நூற்று முப்பது ஆண்டு கடந்த காகிதம் கிடைக்கிறது. நேற்றைய இணைய எழுத்து கிடைக்கவில்லை. தொழில் செய்வோர் தம் சரக்குக்குக் காப்பீடு செய்கின்றனர்; தம் எழுத்துக்குச் சொந்த முகவரியும் ஒரு பிரதியும் வைத்துக் கொள்ளலாகாதா?

இனி நமது முக்கியமான குறையைச் சொல்லுவோம். தொழில் முனைவோரின் எழுத்தில், மிக நேர்மையானதிலும், ஒருவர் குரல்தான் கேட்கிறது. இரவெல்லாம் விழித்தேன், பணம் தீர்ந்தது, மனம் தளரவில்லை என்று எழுதும் முதலாளியின் அறையில் இன்னும் நான்கு பேர் இருந்தனர். அவர்களுக்குச் சம்பளம் வந்ததா, வந்த சம்பளம் எவ்வளவு, வேலை போனபோது என்ன சொல்லி அனுப்பினார்கள் என்பதைத் தேடினால் அகப்படுவது அரிது. 'பஃபர்' என்ற நிறுவனம் 2013இல் தன் ஊழியர் எல்லோருடைய சம்பளத்தையும் பெயரோடு உலகறிய வெளியிட்டது. அது விளம்பரத் தந்திரமே என்று சொன்னாலும், தொகை தொகைதான். மனவுறுதியைப் பற்றிய பத்துப் பக்கத்தினும் அந்த ஒரு பட்டியல் நமக்கு அதிகம் கற்பிக்கிறது.

பினாங்கில் இக்குறை மிகப் பெரிது. 1969இல் சுங்கமில்லாத் துறைமுகம் என்ற உரிமையை ஜார்ஜ் டவுன் இழந்தது, வேலையின்மை பெருகியது. 1972இல் பாயான் லெப்பாஸில் தடையில்லா வணிக வட்டாரம் திறந்தது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அங்கே அமைத்தது. உலகின் கணினிகளுக்குள் இருக்கும் சில்லுகள் இத்தீவின் கைகளால் பொருத்தப்பட்டுச் சோதிக்கப்பட்டன. அந்தக் கைகளில் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகளுடைய கைகளும் இருந்தன. ஆலைப் பேருந்தில் விடியுமுன் ஏறியவர்கள், முகத்தை மூடி உடுத்தி நுண்ணோக்கியில் கண்பதித்தவர்கள், பிற்பாடு மேற்பார்வையாளராகவும் பொறியாளராகவும் உயர்ந்தவர்கள், தாமே சிறு பட்டறை வைத்து அவ்வாலைகளுக்குப் பாகங்கள் செய்து கொடுத்தவர்கள் என்று இதில் எத்தனை வகை! பட்டறை வைத்தவரின் வரலாறு வேண்டும். அவரிடம் வேலை செய்தவரின் வரலாறும் வேண்டும். சிங்காரத்தின் வட்டிக்கடை நமக்குப் புரிந்தது, அடுத்தாளின் கண் வழியாகப் பார்த்ததனாலன்றோ?

இதற்கு இலக்கியப் பயிற்சி வேண்டுமென்று அஞ்ச வேண்டுவதில்லை. முதல் மாதச் சம்பளம் எத்தனை ரிங்கிட், அறை வாடகை எவ்வளவு, எந்த இயந்திரத்தில் என்ன வேலை, மேலாளர் எந்த மொழியில் ஏசினார், தோட்டத்து வீட்டுக்கு அனுப்பியது போக மிச்சம் என்ன என்று தொடங்கினால் மற்றவை தாமே வரும். பாயான் லெப்பாஸில் இரவுமுறை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும், அங்கே கற்ற தொழிலைக் கொண்டு பிறையிலும் பட்டர்வொர்த்திலும் பட்டறை திறந்து, நடத்தியோ மூடியோ விட்டவர்களும் எழுதி அனுப்புவார்களாயின், எழுத்துப் பிழைகளை நாம் பார்த்துக் கொள்வோம். தொகைகளை மட்டும் அவர்கள் சரியாக எழுதினால் போதும்.