கோட்டுக்கு மேலே பனிக்கோழி

சுவீடனின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் அப்பால் இருக்கிறது கிருணா. இரும்புத் தாதுவை நம்பி 1900-இல் எழுந்த ஊர். 1948-இல் நகரத் தகுதி பெற்றது. அதையொட்டி ஒரு கேடயச் சின்னமும் வந்தது. கேடயத்தின் குறுக்கே ஒரு கோடு. மேலே டார்மிகன் என்னும் பனிக்கோழி, கீழே அம்பு முளைத்த வட்டம். அப்பகுதியின் பூர்வகுடிகளான சாமி மக்களின் மொழியில் அந்தப் பறவை கீரோன். ஊர்ப்பெயரே அதிலிருந்து வந்ததுதான். வட்டமும் அம்பும் ரசவாதிகள் இரும்புக்கு இட்ட குறி.

சின்னம் வரைய உட்காரும் குழுக்களுக்குப் பொதுவாக எதையும் விட மனம் வராது. துருவ ஒளி, கலைமான், சுத்தியல், மலை என்று அடைத்துக் கேடயத்தைச் சந்தைக்கடை ஆக்கிவிடுவார்கள். கிருணாவில் இரண்டே உருவங்கள். தொலைவிலிருந்து பார்த்தாலும் எந்த ஊர் என்று தெரியும். இந்த அடக்கம் எளிதில் வாய்ப்பதில்லை.

ஆனால் ரசவாதக் குறியை இன்று யார் படிக்கிறார்கள்? கழிப்பறைக் கதவில் ஆண்களுக்கு உரிய அடையாளமாகத்தான் அது கண்ணுக்குப் படும். விளக்கம் சொல்லி நிற்க வேண்டிய உருவம் பாதி ஊமை. இன்னொரு குறை இதைவிடக் கனமானது. சாமி மக்களின் சொல்லைப் பெயராக எடுத்துக்கொண்ட ஊர், அந்த மண்ணில் கலைமான் மேய்த்த அவர்களுக்குக் கேடயத்தில் ஒரு பறவையோடு கணக்கை முடித்துக்கொண்டது.

ரஷ்யாவின் வடபுலச் சுரங்க நகரமான நோரில்ஸ்கின் சின்னத்தைப் பக்கத்தில் வைத்தால் கிருணா நேர்மையாகவே தோன்றும். அங்கே ஒரு பனிக்கரடி, அதன் கையில் பொன் சாவி. வடபுலத்தின் புதையலைக் கரடியே திறந்து வைத்ததுபோல! 1935 முதல் 1956 வரை அங்கே இயங்கிய சோவியத் கட்டாய உழைப்பு முகாமின் கைதிகள்தான் அந்தக் கதவைத் திறந்தவர்கள்.

மறுபடி கிருணாவின் கோட்டுக்கு வருகிறேன். வரைந்தவருக்கு அது வெறும் பிரிகோடாக இருந்திருக்கலாம். எனக்கு அது நிலமட்டமாகத் தெரிகிறது. தாதுப் படிவம் ஊருக்கு அடியில் சரிந்து இறங்குகிறது. கீழே வெட்ட வெட்ட மேலே தரை விரிசல் விடுகிறது. அதனால் நகர மையத்தையே சுமார் 3 கிலோமீட்டர் கிழக்கே நகர்த்தி, 2022-இல் புதிதாகத் திறந்தார்கள். 1912-இல் கட்டி முடித்த மரத் தேவாலயம் 2025 ஆகஸ்டில் முழு உருவோடு சக்கரங்களில் ஏறிப் பயணம் போனது. கேடயத்தில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. பனிக்கோழி அதே கோட்டுக்கு மேலே, இரும்பு அதே கோட்டுக்குக் கீழே.