சிறிதாக்கும்போது விட்டுப்போவது

1920-இல் எகிப்தின் தீப்ஸ் மலைச்சரிவில், மெகெத்ரே என்ற உயரதிகாரியின் கல்லறையை அகழாய்வாளர் ஹெர்பர்ட் வின்லாக் குழுவினர் துப்புரவு செய்துகொண்டிருந்தார்கள். கொள்ளையர் எப்போதோ புகுந்து துடைத்துப்போன கல்லறை. தரைக்கடியில் ஒளிந்திருந்த ஒரு சிற்றறை மட்டும் கொள்ளையரிடமிருந்து தப்பியிருந்தது. அதற்குள் 24 மரச் சிற்றுருக்கள், ஏறத்தாழ 4,000 ஆண்டுகளாகத் தொடப்படாமல்: ரொட்டிச்சாலை, நெசவுக்கூடம், மாட்டுக் கணக்கெடுப்பு, படகுகள். களஞ்சியத்தில் நிஜத் தானியமே கிடந்தது.

அவற்றில் என்னை நிறுத்திவைப்பது ஒரு தோட்டம்தான். அத்திமரங்கள் சூழ்ந்த குளத்துக்குச் செம்புத் தகடு பதித்திருக்கிறார்கள். தண்ணீர் ஊற்றினால் நிற்கும். ஆனால் வீட்டைக் காணோம். வண்ணத் தூண்களோடு முகப்பு மண்டபமும் வாசற்கதவும் உண்டு, அதோடு சரி. நிழலும் நீரும் போதும் என்று செய்தவர் முடிவெடுத்திருக்கிறார்.

சிறு பொருள் கிடைத்ததும் அகழாய்வாளர் கேட்கும் முதல் கேள்வி, இது பொம்மையா, சடங்குப் பொருளா என்பது. தொல்லியலாளர் டக்ளஸ் பெய்லி தம் 2005 நூலில் வேறு பக்கம் திரும்பினார். மாதிரி என்பது நுணுக்கங்களைக் காப்பாற்றப் பார்க்கும். சிற்றுருவோ அவற்றை உதிர்த்து, பார்ப்பவரை இட்டு நிரப்பச் சொல்லும். ஆல்டன் டிலாங் 1981-இல் வெளியிட்ட ஆய்வையும் அவர் துணைக்கு அழைக்கிறார். சிறு அளவிலான அறை மாதிரிகளுக்குள் தாம் இருப்பதாகக் கற்பனை செய்தவர்கள், மாதிரி சிறுக்கச் சிறுக்க, அரை மணி ஆகிவிட்டதென்று அவ்வளவு சீக்கிரம் சொன்னார்களாம். அந்த ஆய்வின் தலையில் இத்தனை பாரம் ஏற்றலாமா என்ற தயக்கம் எனக்குண்டு. ஆனாலும் சொப்பு வைத்து விளையாடும் குழந்தைக்கு ஒரு நாள் சமையல் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுவதை யார்தான் பார்த்ததில்லை?

சிந்துவெளியின் சுடுமண் வண்டிகள் பெய்லி சொல்லும் உதிர்ப்புக்கு நல்ல சான்று. ஒரு சட்டம், சில துளைகள், வட்டச் சக்கரங்கள், அவ்வளவே. அச்சும் ஏர்க்காலும் குச்சிகளாக இருந்து மக்கிப்போயின. காட்சிக்கூடங்களில் நாம் காணும் குச்சிகள் இக்காலத்தவை. குழந்தைகள் உருட்டியவை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மகாராஷ்டிரத்தின் தைமாபாத்தில் 1974-இல் கிடைத்த வெண்கலங்களை அப்படிச் சொல்ல முடியாது. காளைகள் பூட்டிய ரதம், யானை, எருமை, காண்டாமிருகம். நான்கும் சேர்ந்து 60 கிலோவுக்கு மேல். அவற்றின் காலம் குறித்த சர்ச்சை ஓயவில்லை.

பொம்மைக்கும் பூசைக்கும் நடுவே கோடு கிழிப்பதில் நம் மரபு அத்தனை கறார் காட்டியதில்லை. ஆண்பாற் பிள்ளைத்தமிழில், முருகன் முதலான குழந்தைத் தலைவர்கள் உருட்டும் சிறுதேர் பத்தாம் பருவம். கோயில்களில் கண்மலரும் உருவாரமும் காணிக்கையாகின்றன. குழந்தை வரம் வேண்டுவோர் மரக்கிளையில் கட்டும் தொட்டில் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கயிறு உண்டு, சட்டம் உண்டு. பல தொட்டில்கள் வெறுமையாகவே காற்றில் ஆடுகின்றன.