தங்கவயலிலிருந்து ஒரு கணக்கு வாத்தியாரின் பதில்

"கணக்கெண்டால் எங்கட யாழ்ப்பாணம்தான் தம்பி. உங்கட ஆக்கள் பாடமாக்கி மார்க்ஸ் எடுப்பினம். ஆராய்ச்சி எண்டால் வேற விஷயம்."

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்திருந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் பந்தியில் சொன்னது இது. சம்பந்தி வீட்டு மனிதர் என்பதால் அன்று வாயைத் திறக்கவில்லை. ஆனால் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் காலமெல்லாம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

அவர்கள் பெருமை பொய்யில்லை. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் 1823இல் தொடங்கிய செமினரியில் கணிதமும் வானியலும் கற்பித்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்களே. அந்தப் பட்டத்தைக் கொடுத்தது சென்னை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிறகு வந்த சி. ஜே. எலியேசர் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி மாணவர். கொழும்பில் படித்து, கேம்பிரிட்ஜில் இயற்பியல் மேதை டிராக்கிடம் ஆய்வு செய்தார். டிராக்கின் மாணவர் என்று சொல்லிக்கொள்ள உலகத்தில் எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்தது?

பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை அவர்கள் நம்மைவிட ஒரு படி மேல் என்றே எனக்குப் படுகிறது. உறவினர் ஒருவர் காட்டிய அவர்களுடைய உயர்தர (நம் பி.யூ.சி. போன்ற) வகுப்புப் புத்தகத்தைப் புரட்டினேன். 'இணைந்த கணிதம்' என்ற ஒரே பாடத்துக்குள் தூய கணிதத்தோடு நிலையியலும் இயக்கவியலும் அடங்கிவிடுகின்றன. எல்லாம் தமிழில். நாம் இயற்கணிதம் என்பதை அவர்கள் அட்சரகணிதம் என்கிறார்கள். நம் அணி அங்கே தாயம். நம் வகைக்கெழு அங்கே பெறுதி. பிஎச்.டி. வாங்கியவர் இங்கே முனைவர், அங்கே கலாநிதி. நம் தங்கவயல் பிள்ளைக்கோ வீட்டில் தமிழ், தெருவில் தமிழும் கன்னடமும் தெலுங்கும், பி.யூ.சி. வகுப்பில் ஆங்கிலம். அணியும் தெரியாது, தாயமும் தெரியாது, மேட்ரிக்ஸ்தான் தெரியும். அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தபோது எனக்கு ஏக்கமாகத்தான் இருந்தது.

ஆனால் பெரியவர் பேசியது ஆராய்ச்சியைப் பற்றி. அங்கேதான் நான் ஒப்பமாட்டேன்.

இலங்கையில் கணிதத்தில் நல்ல வகுப்புச் சித்தி பெற்றவர் அதே துறையில் தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்வார். பிறகு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கலாநிதிப் பட்டத்துக்குப் பெரும்பாலும் வெளிநாடு போவார் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். போனவர் எல்லோரும் திரும்புவதில்லை. எலியேசர் திரும்பினார். 1949இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். பத்தே ஆண்டில் மலாயா, 1968இல் மெல்பர்ன் லா ட்ரோப். அவர் கட்டியெழுப்பியிருக்க வேண்டிய ஆய்வுப் பள்ளி அவர் ஊரில் எழவில்லை. இதில் யாழ்ப்பாணத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுபதுகளில் பல்கலைக்கழகச் சேர்க்கையில் வந்த தரப்படுத்தலும் பின்னால் வந்த போரும் எந்த ஊரின் அறிவையும் சிதறடித்திருக்கும்.

இந்தியாவின் பெருமைக்கு நான் ராமானுஜனை இழுக்கப் போவதில்லை. அவர் எந்தக் கல்விமுறைக்கும் சாட்சி அல்ல. நான் சொல்வது எம்.எஸ். நரசிம்மனை. 1932இல் வட ஆற்காட்டுத் தண்டரையில் பிறந்த கிராமத்துப் பிள்ளை. சுரங்க வேலைக்கென்று தங்கவயலுக்கு மூட்டை கட்டி வந்த எங்கள் முன்னோர்களில் பலர் அதே வட ஆற்காட்டுக்காரர்கள். அதனால் அவரைப் பற்றிப் பேசும்போது எனக்குக் குரல் கொஞ்சம் உயரும். சென்னை லயோலாவில் பிரெஞ்சுப் பாதிரியார் ரசீன் அவருக்கு ஆசிரியர். பாரிஸின் புதுக் கணிதத்தை நேரில் அறிந்த அந்த மனிதர், நல்ல மாணவர்களைப் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பி வைத்தார். 1953இல் நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும் அங்கே சேர்ந்தார்கள். வெளிநாட்டு மேதைகள் வந்து விரிவுரை ஆற்றுவார்கள். மாணவர்கள் குறிப்பெடுத்து, சரிபார்த்து, புத்தகமாக்க வேண்டும். அந்த வேலையிலேயே கணிதம் படிந்துவிடும். இருவரும் பாரிஸ் போய்ச் சில ஆண்டுகள் இருந்தார்கள், திரும்பியும் வந்தார்கள். ரீமான் பரப்புகளின் மேலுள்ள நிலையான வெக்டர் கட்டுகளைப் பற்றிய அவர்கள் தேற்றம் 1965இல் வெளியானது. பிரிட்டனின் டொனால்ட்சன் பின்னாளில் அதற்கு வேறொரு நிரூபணம் தந்தார். பம்பாயில் உட்கார்ந்து செய்த வேலையின் மேல் உலகம் கட்டடம் எழுப்பியது.

அதே 1965இல், அதே டாட்டா நிறுவனத்தார் ஜப்பான், பிரிட்டன் ஆய்வாளர்களுடன் சேர்ந்து எங்கள் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2 கிலோமீட்டருக்கும் கீழே வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்தார்கள். அந்த ஆழத்தைத் தோண்டியது எங்கள் பாட்டன்மார் கைகள்.

சுரங்கம் 2001இல் மூடிவிட்டது. விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, நின்றுகொண்டே பெங்களூர் போய், இரவு வீடு திரும்புவதுதான் இன்று எங்கள் ஊர்ப் பிழைப்பு. ஆனால் அதே பெங்களூரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இருக்கிறது. அங்கே இளநிலையிலேயே கணிதத்தை முதன்மையாகப் படிக்கலாம். இந்திய அறிவியல் கழகம் இருக்கிறது. சென்னைப் பக்கம் சேஷாத்ரி 1989இல் தொடங்கிய கணிதக் கழகம் இருக்கிறது. சாதாரணக் கல்லூரியில் பி.எஸ்சி. படிக்கிறவருக்கும் வழி உண்டு. கணிதப் பேராசிரியர் குமரேசன் 1993இல் ஆரம்பித்த எம்.டி.டி.எஸ். கோடைப் பயிற்சியில் சூத்திரத்தை ஒப்பிப்பவரைப் பாராட்டமாட்டார்கள். 'ஏன்' என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பெரியவர் சொன்ன மனப்பாட நோய் எங்கள் கல்லூரிகளில் இல்லாமல் இல்லை, ஆனால் மருந்தும் இங்கேயே கிடைக்கிறது. பிஎச்.டி. வரை இந்த மண்ணிலேயே, உதவித்தொகையோடு முடிக்கலாம். உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாவது தனி வயிற்றெரிச்சல்.

தங்கவயல் பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பி.யூ.சி.யில் கணக்கை ஆசையோடு போடுகிற பிள்ளை வீட்டில் இருந்தால், இன்ஜினியரிங் விண்ணப்பத்தோடு புள்ளியியல் நிறுவனத்துக்கும் சென்னைக் கணிதக் கழகத்துக்கும் சேர்த்தே விண்ணப்பம் போடுங்கள். இரண்டுக்கும் தனித்தனி நுழைவுத் தேர்வு. பழைய வினாத்தாள்கள் அவர்கள் இணையதளத்திலேயே கிடைக்கின்றன.